எறிந்தது திரும்பி வந்தது

2024ஆம் ஆண்டு ஐப்பசி மழை மூன்று நாள் விடாது பெய்து, நான்காம் நாள் விடியலில் சற்றே ஓய்ந்திருந்தது. வாசலில் தேங்கிய வெள்ளத்தைக் காணும் ஆவலில் ஓடிய எங்கள் மூத்த மகள், போன வேகத்திலேயே திரும்பி வந்தாள். அவளுக்கு அப்போது வயது நான்கு. “அப்பா, வந்து பாரேன், தம்பி ஜட்டி மிதந்து வந்திருக்கு!” என்று கைகொட்டிச் சிரித்தாள். சென்று பார்த்தோம். வீட்டுக்கு மேற்கே ஓடைக்கரைச் சீமைக்கருவைப் புதரில் நாங்கள் எறிந்திருந்த டயாப்பர்கள் பத்துப் பன்னிரண்டு, மழைநீரைக் குடித்து ஊதிப் பருத்து, எங்கள் கிணற்று மேட்டை ஒட்டி ஒதுங்கிக் கிடந்தன. அவற்றின்மேல் அச்சிட்டிருந்த கரடிப் படத்தைக் கொண்டே அவை தன் தம்பியுடையவை என்று அவள் இனங்கண்டுகொண்டாள்.

குழந்தை சிரித்தது, எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. எறிந்துவிட்டோம், ஒழிந்தது என்று எண்ணியிருந்த பொருள், வழி தெரிந்ததுபோல் எங்கள் வாசலுக்கே வந்து நின்றது. அன்று தொடங்கி ஓராண்டுக் காலம் எங்கள் சிறு குடும்பத்தில் நிகழ்ந்தவற்றை, எங்களைப்போல் இளங்குழந்தைகளோடு வாழும் குடும்பங்களுக்குப் பயன்படக்கூடும் என்னும் எண்ணத்தால் இங்கே எழுதுகிறோம். இது தவறியும் தடுமாறியும் நாங்கள் கற்றவற்றின் கணக்கு. இதில் சாதனை என்று சொல்லிக்கொள்ள ஏதுமில்லை.

பெரம்பலூர் மாவட்டத்தின் வடபகுதியில் உள்ளது எங்கள் எறையூர். கரும்பும் மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் மண். 1970களில் நிறுவப்பட்ட பொதுத்துறைச் சர்க்கரை ஆலையால் ஊரின் பெயர் வெளியே தெரிந்தது. அண்மைக் காலத்தில் சிப்காட் தொழிற்பூங்காவும் இங்கே வந்தது; 2022இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 2023இல் காலணித் தயாரிப்புத் தொடங்கிற்று. எங்களுள் தந்தையானவர் மூன்று ஏக்கரில் கரும்பு பயிரிடுகிறார். தாயானவர் 2024இன் தொடக்கத்தில் அத்தொழிற்பூங்காவில் வேலைக்குச் சேர்ந்தார். காலை ஆறரை மணிக்கு வேன் வந்துவிடும். மாதம் பிறந்தால் உறுதியாகக் கையில் வரும் ஊதியம் எங்கள் வீட்டுக்கு எத்தகைய ஆறுதல் என்பதைக் கரும்புப் பணத்துக்குக் காத்திருந்து பழகியவர்கள் அறிவார்கள்.

அந்த ஊதியத்தோடு டயாப்பரும் வீட்டுக்குள் வந்தது. அப்போது இளையவன் கைக்குழந்தை. பகலில் அவனைப் பார்த்துக்கொண்ட அப்பாயிக்கு முழங்கால் வலி. குனிந்து துணி அலச இயலாது. ஆகவே நாள் ஒன்றுக்கு ஐந்து டயாப்பர், மாதம் நூற்றைம்பது என்று வாங்கினோம். ஒன்று ஏறத்தாழப் பத்து ரூபாய் வீதம் மாதம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். அதைவிடப் பெருங்கணக்கு ஒன்று உண்டு. ஆண்டுக்கு ஆயிரத்து எண்ணூறு டயாப்பர்கள் எங்கே போய்ச் சேரும் என்று நாங்கள் ஒருநாளும் கேட்டுக்கொள்ளவில்லை.

டயாப்பரின் உள்ளே மரக்கூழும், தன் எடையைப்போல் பன்மடங்கு நீரை உறிஞ்சிக் களியாக்கிக்கொள்ளும் சோடியம் பாலிஅக்ரிலேட் என்னும் வேதித்துகளும் உள்ளன. வெளிப்புறமோ பாலித்தீன், பாலிப்புரோப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்குகள். மழையில் அவை ஊதிப் பருத்ததன் காரணம் இதுவே. மண்ணில் புதைத்தாலும் அந்தப் பிளாஸ்டிக் நம் காலத்தில் மட்கப் போவதில்லை. நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் மட்காது.

எறிந்தால் திரும்பி வருகிறது என்று கண்ட பின்னர் நாங்கள் என்ன செய்தோம்? இதைச் சொல்ல வெட்கமாகவே இருக்கிறது. எரிக்கத் தொடங்கினோம். அந்தியில் கரும்புச் சோகையைக் குவித்து, அதன் நடுவே டயாப்பர்களையும் பால் பாக்கெட் உறைகளையும் தின்பண்டக் காகிதங்களையும் இட்டுத் தீ மூட்டுவோம். ஈரத்தைத் தேக்கி வைத்திருக்கும் டயாப்பர் சுடர்விட்டு எரியாது. இரவு நெடுநேரம் புகைந்துகொண்டே கிடக்கும். இரண்டு வாரம் சென்றிருக்கும். மூத்தவளுக்கு இரவில் இருமல் கண்டது. இருமல் இழுப்பாயிற்று. நள்ளிரவில் அவள் விலா எலும்புகள் உள்வாங்கி உள்வாங்கி மூச்சுக்குப் போராடியதைக் கண்டு, பைக்கில் அவளை நடுவே இருத்திக்கொண்டு மருத்துவமனைக்கு விரைந்தோம். வழியெல்லாம் செபமாலை மணிகளை உருட்டியவாறே சென்றோம். மூச்சு சீரான பிறகு மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, “வீட்டுப் பக்கத்தில் என்ன எரிக்கிறீர்கள்?” என்பதே. புகை ஒன்றே காரணம் என்று அவர் கூறவில்லை. மழைக்காலக் குளிரும் சேர்ந்திருக்கும் என்றார். ஆயினும் இழுப்பு உள்ள குழந்தை இருக்கும் வீட்டருகே குப்பை எரிப்பது, எரிகிற அடுப்பில் நெய் வார்ப்பது போன்றது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

பின்னர்ப் படித்து அறிந்தோம். வீட்டுக் குப்பையை வெட்டவெளியில் குறைந்த வெப்பத்தில் எரிக்கும்போது நுண்துகள்கள் எழுகின்றன. குளோரின் கலந்த பிவிசி போன்ற பிளாஸ்டிக் அதில் இருந்தால் டையாக்சின் என்னும் நச்சும் உண்டாகிறது. அது காற்றோடு போய்விடுவதில்லை. புல்லில் படிந்து, அதை மேயும் மாட்டின் கொழுப்பில் தங்கி, பாலின் வழியாக மீண்டும் நம் குழந்தையின் குவளைக்கு வரவல்லது. தாய்ப்பாலிலும் அது கலக்கும். நீரில் எறிந்தாலும் தீயில் இட்டாலும் திரும்பி வரும் இடம் ஒன்றே. நம் பிள்ளைகளின் உடல். இந்த ஒரு செய்தியை நெஞ்சில் ஏற்றுக்கொண்ட அன்றுதான் எங்கள் வீட்டில் மாற்றம் தொடங்கிற்று.

துணிக்கு மாறுவதென்று முடிவு செய்தோம். முடிவைத் தெரிவித்தவர் தந்தை. தாய் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, “நீங்க சொல்றதெல்லாம் சரிதாங்க. துவைக்கிறது யாரு?” என்று கேட்டார். அதற்கு விடை இல்லை. “குப்பையைப் பிரிக்கணும்னா நான். துணிப்பை எடுத்துட்டுப் போக மறந்தா ஏச்சு எனக்கு. இப்போ துணியும் நான். பூமியைக் காப்பாத்துறதும் பொம்பளை வேலைதானா?” என்றார். சினந்து சொல்லவில்லை, களைத்துச் சொன்னார். அந்தக் களைப்பே எங்கள் வீட்டின் மெய்யான சிக்கல் என்பது அன்றிரவு விளங்கிற்று.

இயற்கையைக் காக்கும் இல்லறம் பற்றி எழுதுவோர் பலரும், இப்பொருளை விடுத்து அப்பொருளைப் பயன்படுத்துக என்று கூறுவதோடு நிறுத்திக்கொள்கின்றனர். எறியும் பொருள் ஒன்றை நீக்கினால் அவ்விடத்தில் ஒருவருடைய உழைப்பு வந்து அமர்கிறது என்பதை அவர்கள் நினைப்பதில்லை. அவ்வுழைப்பு யாருடையது என்னும் கேள்விக்கு நேர்மையான விடை காணாத வீட்டில் எந்த நற்பழக்கமும் ஒரு மாதத்துக்கு மேல் நிலைக்காது. எங்கள் அனுபவத்தில் கண்ட உண்மை இது.

ஆகவே வேலையைப் பகிர்ந்துகொண்டோம். அப்பாயியின் பழைய நூல் புடவை இரண்டும், தாத்தாவின் வேட்டிகளும் பெட்டியில் இருந்தன. பிறந்த குழந்தையைப் பழந்துணியில் ஏந்துவது நம் வழக்கம்; பலமுறை துவைத்து மெத்தென்றான துணி பச்சைக் குழந்தையின் தோலை உறுத்தாது. அவற்றைச் சதுரமாகக் கிழித்து, ஓரம் அடித்து, இருபத்து நான்கு துண்டுகள் ஆக்கினோம். அழுக்குத் துணியை முதலில் அலசி அந்நீரைக் கழிவறையிலேயே ஊற்றுவது, பிறகு சோப்பு நீரில் ஊறவைத்து ஒருநாள் துணியை ஒருசேரத் துவைப்பது, நல்ல வெயிலில் உலர்த்துவது ஆகிய மூன்றும் தந்தையின் பொறுப்பாயின. காலை வேன் வருவதற்குள் குழந்தைகளைக் குளிப்பாட்டிச் சோறு கட்டுவது தாயின் பொறுப்பு. உலர்ந்ததை மடிப்பது அப்பாயி. கொடியில் மாட்டும் கிளிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தருவது மூத்தவள்.

முதல் வாரம் அப்பாயி பொருமினார். “ஏண்டா தம்பி, ஆம்பளப் புள்ள குழந்தைத் துணி அலசுறதைப் பாத்தா நாலு பேரு என்ன பேசுவாங்க?” என்றார். நாலு பேர் பேசவும் செய்தார்கள். டீக்கடையில் ஒருவர், “என்னப்பா, சலவைக்குப் போயிட்டு வர்றியா?” என்று கேட்டதும் உண்டு. கேட்டவரே பின்னொரு நாள், தம் பேரனுக்கு டயாப்பரால் தொடையிடுக்கில் புண் ஏற்பட்டிருப்பதாகவும், துணியை எப்படிக் கட்டுவது என்றும் விசாரிக்க வீட்டுக்கே வந்தார்.

துணி என்றாலே நன்று என்று எண்ணிவிடவும் கூடாது. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2008இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எங்களை வியப்பில் ஆழ்த்திற்று. ஒரு குழந்தை இரண்டரை ஆண்டுகள் பயன்படுத்தும் டயாப்பர்களால் உண்டாகும் பசுங்குடில் வாயு ஏறத்தாழ 550 கிலோ கரியமிலவாயுவுக்குச் சமம். அந்நாட்டார் வழக்கப்படி துவைக்கும் துணியாலோ 570 கிலோ. வெந்நீரில் துவைத்து, மின் உலர்த்தியில் காயவைப்பதே காரணம். அதே துணியை இயந்திரம் நிறையும்வரை சேர்த்துத் துவைத்து, வெளிக்கொடியில் உலர்த்தி, இரண்டாம் குழந்தைக்கும் பயன்படுத்தினால் அந்த அளவு ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது குறைந்துவிடுமாம். வெந்நீரும் மின் உலர்த்தியும் நமக்குத் தேவையில்லை. பெரம்பலூர் வெயிலைக் குறைகூறாத நாளில்லை. அவ்வெயில்தான் எங்கள் துணிகளைக் காசு வாங்காமல் உலர்த்தித் தருகிறது.

முற்றிலும் விட்டுவிட்டோமா என்றால், இல்லை. நெடும்பயணத்திலும், அடைமழை நாளிலும், தாய்க்கு இரவு உறக்கம் வேண்டிய நாளிலும் இன்றும் ஒரு டயாப்பர் உண்டு. நாளுக்கு ஐந்து என்றிருந்தது வாரத்துக்கு ஐந்தாயிற்று. அதைக் கழிப்பதற்கும் முறை கற்றோம். இத்தகைய கழிவுகளைத் தனியே பொதிந்து ஒப்படைக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே கூறின. எங்கள் தெருவுக்கு வண்டி தள்ளி வரும் தூய்மைக் காவலர் அம்மாள் ஒருநாள் தயங்கித் தயங்கி, “மலத்தைக் கழுவிட்டு, காகிதத்துல சுத்திக் குடும்மா. பிரிக்கும்போது கையில படுது” என்றார். எங்கள் குழந்தையின் கழிவை எங்கள் கை தொடக் கூசி, இன்னொருவர் கைக்குத் தள்ளியிருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. குப்பை என்பது சூழலைப் பற்றிய செய்தி மட்டும் அன்று. அயலாரைப் பற்றிய செய்தியும் ஆகும். எவர் கைகளுக்கு நாம் எதைத் தருகிறோம் என்று ஞாயிறு தோறும் நற்கருணை ஏந்தும் நம் கைகள் எண்ணிப் பார்க்க வேண்டாமா?

டயாப்பரில் தொடங்கியது அடுப்படிக்குச் சென்றது. இங்கே எங்களுக்கு ஆசானாக வாய்த்தது ஊரின் ஆலையே. ஒரு டன் கரும்பை அரைத்தால் ஏறத்தாழ நூறு கிலோ சர்க்கரையே கிடைக்கும். முந்நூறு கிலோ வரை சக்கை; நாற்பது கிலோ அளவுக்குக் கழிவுப்பாகு; முப்பது, நாற்பது கிலோ ஆலை அழுக்கு; எஞ்சியது பெரும்பாலும் நீர். சக்கை கொதிகலனுக்கு எரிபொருளாகி நீராவியும் மின்சாரமும் தருகிறது. கழிவுப்பாகு எரிசாராயத்துக்கு மூலப்பொருளாகிறது. ஆலை அழுக்கு மக்கி வயலுக்கு உரமாகிறது. வேண்டாதது என்ற ஒன்றே கரும்பில் இல்லை. நாள்தோறும் ஆலையின் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டு வாழும் நாங்கள், காய்கறித் தோலைப் பாலித்தீன் பையில் கட்டி ஓடையில் எறிந்துகொண்டிருந்தோம்!

கொல்லையில் மூன்றடி நீளம், மூன்றடி அகலம், இரண்டடி ஆழத்தில் இரு குழிகள் வெட்டினோம். காய்கறிக் கழிவு ஓர் அடுக்கு, அதன்மேல் நறுக்கிய சோகை ஓர் அடுக்கு, சாணிக் கரைசல் ஒரு தெளிப்பு, இப்படியே நிறைத்தோம். முதல் குழி நாற்றமெடுத்தது. ஈரக் கழிவு மிகுந்து, உலர்ந்தது குறைந்ததே காரணம். சோகையைக் கூட்டி, வாரம் ஒருமுறை கிளறிவிட்டதும் நாற்றம் நின்றது. மூன்று மாதத்துக்குப் பின் அள்ளிய உரத்தை முகர்ந்து பார்த்த மூத்தவள், “மழை வாசம் அடிக்குது” என்றாள். எரித்துக்கொண்டிருந்த சோகையின் மதிப்பும் அதன்பின் தெரிந்தது. முதலில் அரை ஏக்கரில், எரிக்காமல் ஒன்றுவிட்ட பாருக்குள் பரப்பினோம். மண்ணின் ஈரம் காத்தது, களையும் குறைந்தது. பக்கத்து வயலார் எரிக்கத்தான் செய்கிறார்கள். ஆட்கூலி மிகுந்த காலத்தில் அவர்கள்மேல் குறைகாண எங்களுக்கு மனம் வரவில்லை.

அடுத்தது தின்பண்ட உறைகள். ஒரு வாரம் வரை எதையும் எறியாமல் கோணிப்பையில் சேர்த்து, ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் கொட்டி மூத்தவளை எண்ணச் சொன்னோம். நாற்பத்து மூன்று! பளபளக்கும் அந்த உறையில் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் பிரிக்கவொண்ணாதபடி ஒட்டப்பட்டிருப்பதால் பழைய சாமான் வாங்குபவர் அதைத் தொடமாட்டார். தடை போட்டால் அழுகை. அழுகைக்கு அப்பாயி இரங்குவார். இரங்கினால் முந்தானையிலிருந்து ஒரு பாக்கெட் வெளிவரும். ஆகவே தடை வேண்டாமென்று மாற்று வைத்தோம். அவித்த மக்காச்சோளம், வறுத்த நிலக்கடலை, சம்படத்தில் எடுத்துச் சென்று கடைக்காரரின் கண்ணாடிச் சாடியிலிருந்து வாங்கிவரும் கடலை உருண்டை. ஞாயிறு பூசை முடிந்து வருகையில் பாக்கெட் ஒன்றுக்கு அனுமதி உண்டு. இப்போது வாரக் கணக்கு எட்டு, பத்தில் நிற்கிறது. சில வாரம் பதினைந்தும் ஆகிறது. எண்ணுவதை மட்டும் நாங்கள் விடவில்லை. எண்ணத் தொடங்கிய வீட்டில் குறைவது தானே தொடங்குகிறது.

விருந்துகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இளையவனின் திருமுழுக்கு விருந்தில் பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் குவளைகளும், தாளிலை விரிப்புகளும் இரண்டு மூட்டை சேர்ந்தன. ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 சனவரி 1 முதல் விதிக்கப்பட்ட தடையில் அத்தகைய குவளையும் அடங்கும் என்பதுகூட அன்று எங்களுக்குத் தெரியாது. 2021 திசம்பரில் அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியபோது, தாத்தா காலத்து மஞ்சள் பை எங்கள் வீட்டு ஆணியில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த பிறந்தநாளில் வாடகைப் பாத்திரக் கடையில் எவர்சில்வர் குவளைகள் எடுத்து, வாழையிலையில் பரிமாறினோம். கழுவ ஆள்? விருந்துக்கு வந்த மாமன்மாரும் சித்தப்பாமாரும் சட்டைக்கையை மடித்துக்கொண்டு குவளை கழுவினார்கள். பெண்கள் அன்று முதல் பந்தியில் உட்கார்ந்து உண்டார்கள். எச்சில் இலைகள் மாட்டுக்கும் குழிக்கும் போயின.

தண்ணீரையும் சிறிது கவனிக்கத் தொடங்கினோம். 2003இல் தமிழ்நாடெங்கும் மழைநீர்ச் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டபோது தாத்தா பொருத்திய குழாய், இலைச்சருகு அடைத்துக் கிடந்தது. ஆயிரம் சதுர அடிக் கூரைமேல் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் தொள்ளாயிரம் லிட்டருக்கு மேல் நீர் விழுகிறது. சிந்தியது போகக் கால்பங்கைத் தள்ளினாலும், நான்கு பேர் ஒரு நாள் குளித்துத் துவைப்பதற்குப் போதுமானது. அடைப்பை நீக்கி, கிணற்றருகே மணலும் கூழாங்கல்லும் இட்ட குழிக்கு அந்நீரை விட்டோம். குளித்த நீர் வாழைக்குப் போகிறது.

தஞ்சையில் 1892இல் பிறந்த ஜே. சி. குமரப்பா என்னும் பெரியார் நம் தமிழ்க் கிறித்தவர். காந்தியடிகளின் பொருளியல் தோழர். விடுதலைப் போரில் சிறைப்பட்டு ஜபல்பூரில் இருந்தபோது, நிலைத்த பொருளியலைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். உயிர்கள் வாழும் முறையை அவர் அதில் ஐந்து படிகளாக வகுத்தார். பிற உயிரை அழித்து உண்ணும் புலி கீழ்ப்படி. தான் நடாத மரத்தின் கனியைப் பறிக்கும் குரங்கு அதற்கு மேல். தன் கூட்டைத் தானே கட்டும் பறவை நடுப்படி. கூட்டமாய் உழைக்கும் தேனீ நான்காம் படி. எல்லாவற்றுக்கும் மேலானது, கைம்மாறு கருதாது குஞ்சுக்கு இரையூட்டும் தாய்ப்பறவை. இதைப் படித்த அன்று தந்தையானவர் மனைவியைப் பார்த்து, “உன்னைத்தான் சொல்லியிருக்கிறார்” என்றார். அவர் சிரித்துக்கொண்டே உத்தரத்தைக் காட்டினார். அங்கே கூடு கட்டியிருந்த சிட்டுக்குருவி இணையில் ஆணும் பெண்ணும் மாறி மாறி இரை கொண்டுவந்துகொண்டிருந்தன. குமரப்பாவின் ஐந்தாம் படியில் ஏறத் தாய்க்கு மட்டுமே இறைவன் சிறகு தரவில்லை.

மறைந்த திருத்தந்தை பிரான்சிசு 2015இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடல், உலகப் பொருளியலையும் காலநிலை மாற்றத்தையும் விரிவாகப் பேசுகிறது. அத்தகைய பெருமடல் ஓரிடத்தில் கீழே இறங்கி வந்து, பிளாஸ்டிக்கையும் காகிதத்தையும் தவிர்த்தல், நீரைக் குறைத்துச் செலவிடல், குப்பையைப் பிரித்தல், உண்ணும் அளவே சமைத்தல், தேவையற்ற விளக்கை அணைத்தல் என்று அடுப்படி வேலைகளைப் பட்டியலிடுகிறது. இச்சிறு செயல்களால் உலகம் மாறிவிடுமா என்று எண்ண வேண்டாம் என்றும் அது தேற்றுகிறது.

எனினும் எங்கள் வீட்டுக் குழி இரண்டும் உலகைக் காத்துவிடும் என்று நாங்கள் நம்பவில்லை. உறையைச் செய்பவர்கள் மாற வேண்டும். ஊராட்சியின் வண்டி நாள்தோறும் வர வேண்டும். சோகையை எரிக்காதிருக்க உழவருக்குக் கருவியும் கூலியும் துணை செய்ய வேண்டும். இவற்றைக் கேட்பதும் நம் கடமையே. ஆனால் தன் வாசலைக் கூட்டாதவன் தெருவைப் பற்றிக் கேட்டால் அக்குரலுக்கு வலு இராது.

மூத்தவளுக்கு அந்த முதல் மழைக்குப் பின் இழுப்பு இருமுறை வந்தது. அண்மையில் எட்டு மாதமாக வரவில்லை. அதற்கு இதுவே காரணம் என்று அறுதியிட்டுக் கூற நாங்கள் மருத்துவர் அல்லர். இறைவனுக்கு நன்றி சொல்லுகிறோம். அந்தியில் தீ மூட்டாதிருக்கிறோம். அவ்வளவே.

2025ஆம் ஆண்டு ஐப்பசியிலும் மழை பெய்தது. ஓய்ந்த காலையில் அவள் வழக்கம்போல் ஓடைக்கு ஓடினாள். இம்முறை தம்பியும் பின்னால் தத்தித் தத்திச் சென்றான். நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “நம்மளது ஒண்ணும் வரலைப்பா” என்றாள். எங்கள் நெஞ்சு குளிர்ந்தது. அடுத்த நொடியே, கிணற்று மேட்டில் ஒதுங்கியிருந்த இரண்டு டயாப்பர்களையும் ஒரு பாலித்தீன் பையையும் சுட்டி, “அப்போ இது யாரோடது?” என்று கேட்டாள்.

யாருடையது என்று ஆராய்ந்து சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. ஓராண்டுக்கு முன் அது எங்களுடையதாக இருந்தது. தந்தை கோணிப்பையும் தாய் கவைக்கோலும் எடுத்து வந்தார்கள். நால்வருமாக இறங்கினோம்.